கோட்டைக்கரட்டில் பூக் கேட்ட நாள்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் சோற்றிலும் மண் நறநறக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து வரும் காற்று, காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் காடுகளை எட்டியதும் கேட்பாரில்லாமல் போய், கொடியில் காய்கிற வேட்டியைக் கொண்டுபோய் அடுத்த தோட்டத்து வேலியில் மாட்டிவிட்டுத்தான் ஓயும். கிளுவை வேலி போட்டு, மாடு மேய்வதற்கென்றே புல்லை விட்டுவைத்த அந்த மேட்டு நிலத்துக்கு எங்கள் ஊரில் "கொறங்காடு" என்று பெயர். கொறங்காடு முடிகிற இடத்தில் பாறையும் முள்ளுமாக ஒரு குன்று நிற்கும். குன்று என்று நான் எழுதுவது உங்களுக்காக. எங்களுக்கு அது "கரடு". உச்சியில் பழைய கோட்டை ஒன்று இருந்ததால் கோட்டைக்கரடு.

கட்டியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு ராசாவைச் சொல்வார்கள், யாரிடமும் சான்று கிடையாது. சுண்ணாம்பே இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய மதில், தலை குனிந்தால்தான் உள்ளே விடுகிற ஒரு வாசல், கோடையிலும் வற்றாத ஒரு சுனை, மேல்கோடியில் கருப்பராயன். கருப்பராயனுக்குக் கூரை ஆகாது. யாரோ ஒரு காலத்தில் ஓடு வேய்ந்ததாகவும் மறுநாளே அத்தனையும் கீழே கிடந்ததாகவும் சொல்வார்கள். ஆனிக் காற்றைப் பார்த்தவள் என்ற முறையில், அதில் சாமியின் பங்கு எவ்வளவு என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

எங்கள் வீட்டில் கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும் கருப்பராயனிடம் "பூக் கேட்காமல்" எதுவும் நடக்காது. வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியாகப் பூவரசம் இலையில் சுற்றி நாரால் கட்டிச் சாமிமுன் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று ஏதாவதொரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது, சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. அதற்கு மேல் பேச்சில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம், அந்த விவரம் தெரியாத குழந்தை நானாக இருந்தேன். எட்டு வயதில் எனக்கு அப்படியொன்றும் விவரம் குறைவில்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி சரசு அத்தையைப் பற்றியது. அத்தை என் அப்பாவின் தங்கை. அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட்டதால் இருவரையும் வளர்த்து ஆளாக்கியவர் மூத்தவரான பெரியப்பா. அத்தைக்குக் கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் கணக்குப் படிக்க இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்க வேண்டும், அந்த வாரமே போய்ச் சேர வேண்டும், தவறினால் இடம் வேறு யாருக்கோ. அப்பாவுக்குச் சம்மதம். பெரியப்பாவோ, "கோயமுத்தூரு போன புள்ளையும் கெணத்துல உழுந்த வாளியும் தானா மேல வராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். செலவைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. போனால் இவள் நம்முடையவளாகத் திரும்பி வரமாட்டாள் என்பதுதான் அவர் பயம். அத்தை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் பெரியப்பாவே இறங்கி வந்து, "செரி, கருப்பன் சொல்லட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிணற்றுமேட்டு அரளியில் பெரியப்பாவே பூப் பறித்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பொட்டலம் கட்டினார். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுத் தூக்குப்போசி அப்பா கையில். கொறங்காட்டைத் தாண்டும் வரைக்கும் சுகமாகத்தான் இருந்தது. கரட்டில் ஏறத் தொடங்கியதும் காற்று எங்களைப் பிடித்துக்கொண்டது. என் பாவாடை குடையாக விரிய, அத்தை அதை முடிந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசிப்புல் காலெல்லாம் தைத்தது. பெரியப்பாவுக்கு முழங்கால் வலி; பத்தடிக்கு ஒரு பாறையில் உட்காருவார். வேறொருத்தியாக இருந்தால் முன்னால் ஓடிப்போய் நின்று அவசரப்படுத்தியிருப்பாள். அத்தை ஒவ்வொரு தடவையும் திரும்பி இறங்கிப்போய், "மெதுவா வாங்கண்ணா, கோட்டை எங்கயும் ஓடிராது" என்று கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். தனக்கு எதிராக வாக்குக் கேட்க வருகிறவரை இப்படித் தாங்கிக் கூட்டிப்போகிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கோட்டை வாசலைக் குனிந்து கடந்ததும் எல்லாருக்கும் பசி, ஆனால் வாக்குக் கேட்காமல் வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. கருப்பராயன் முன்னால் பெரியப்பா கற்பூரம் கொளுத்தப் பார்த்தார். தீக்குச்சிதான் தீர்ந்ததே தவிர கற்பூரம் பற்றவில்லை. கடைசியில் அப்பா துண்டை விரித்து மறைக்க, கண்மூடித் திறப்பதற்குள் எரிந்து அணைந்தது. பெரியப்பா இரண்டு பொட்டலங்களையும் பலிகல்லின்மேல் வைத்து, "கண்ணு, சாமியக் கும்பிட்டுட்டு ஒண்ணை எடு" என்றார். அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கும்பிட்டுக் கையை நீட்டினேன்.

காற்று எனக்கு முன்னால் எடுத்துக்கொண்டது. ஒரு பொட்டலம் கல்லிலிருந்து எழும்பி, இடிந்த மதிலின் சந்து வழியாக வெளியே போயே போய்விட்டது. மிஞ்சியதை அப்பா பிரித்தார். சிவப்பு.

"குழந்தை தொடவே இல்லீங்கண்ணா, இது சேராது" என்றார் அப்பா. "நிக்கறதுதான் வாக்கு" என்றார் பெரியப்பா. "பறந்ததுதான் வாக்குன்னும் சொல்லலாமுங்க" என்றார் அப்பா. கூரையில்லாத சாமியிடம் ஆனிக் காற்றில் பூக் கேட்க வந்த தங்கள் புத்தியைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. இவர்கள் பேச்சு முடிவதற்குள் அத்தை தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, பறந்த பொட்டலத்தைத் தேடி மதில் சந்தில் நுழைந்துவிட்டாள். அந்தப் பக்கம் செங்குத்தான பாறைச் சரிவு. பெரியப்பா ஓடிப்போய்ச் சந்தில் தலையை நீட்டி, "அம்மணி, வேண்டாம் வந்துரு" என்று கூப்பிட்டார். காற்று அவர் குரலை எங்கள் பக்கமே திருப்பி அடித்தது. மறுபடி மறுபடி கூப்பிட்டார். அப்பா இறங்கப் போனபோது, அவர் அப்பாவையும் போகவிடாமல் கட்டிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெகுநேரம் கழித்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த சந்தை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு கோட்டை வாசல் வழியாகக் குனிந்து வந்தாள் அத்தை. முழங்கை சிராய்த்திருந்தது, தாவணி ஓரிடத்தில் கிழிந்திருந்தது. கையிலிருந்த பூவரசம் இலைச் சுருளைப் பெரியப்பாவிடம் நீட்டினாள். அவர் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, உள்ளங்கைக்குள் மறைத்துப் பிரித்து, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இலையோடு மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வெள்ளைதான்" என்றார். "பூவெல்லாம் கெடக்குது அம்மணி. வாளி தானா மேல வந்துருச்சு, எனக்கு அது போதும். போய்ப் படி."

அத்தை அவர் தோளில் சாய்ந்து அழுதாள். சுனையோரத்தில் உட்கார்ந்து நாங்கள் தின்ற புளிச்சோற்றில் பாதி மண். அதைப்போல ருசியாக நான் பிறகு எதையும் தின்றதில்லை.

அத்தை போனாள், சனிக்கிழமை தவறாமல் கடைசி பஸ்ஸில் வந்தாள், படித்து முடித்துக் காங்கேயத்திலேயே கணக்கு டீச்சராக உட்கார்ந்தாள். பெரியப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவள்தான். சென்ற ஆனியில் நானும் அவளும் மறுபடி கரடேறினோம். இப்போது சிமெண்டுப் படி இருக்கிறது. கொறங்காட்டில் பாதியைக் காணோம், அந்த இடத்தில் காற்றாலைகள் சுற்றுகின்றன. மதில் சந்தை அடைத்துப் பூசிவிட்டார்கள். கருப்பராயனுக்கு இரும்புத் தூண் நட்டுத் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள், அதுவும் பறக்காமல் நிற்கிறது.

பூசிய இடத்தைத் தடவிக்கொண்டே அத்தை சிரித்தாள். "இலை மட்டுந்தான் முள்ளுல சிக்கிக் கெடந்துச்சு கண்ணு, பூவக் காணோம். பாறையிடுக்குல தும்பை பூத்திருந்துச்சு. அதுல ரெண்டைக் கிள்ளிச் சுருட்டிக் குடுத்துட்டேன்."

தும்பை அரிசி மணியளவு. அரளி பக்கத்தில் வைக்கவே முடியாது. "பெரியப்பா கண்டுபிடிக்கலையா அத்தை?" என்றேன்.

"கண்டுபிடிக்காம என்ன? பறிச்சுக் கட்டுனது அவரு" என்றாள். "அந்த அரளிய நட்டதே அண்ணந்தானே."