துரையின் ஹரிக்கேனுக்கு நான் வைத்த சிவப்பு

பக்கத்து வீட்டு அம்மாள் முழங்கால் வலிக்கு விளக்கெண்ணெய் காய்ச்சுகிறார். போன வாரம் அந்த வாசனை எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. உங்களுக்கு விளக்கெண்ணெய் என்றால் பிள்ளைப் பருவம் ஞாபகம் வரும், மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியது ஞாபகம் வரும். எனக்குக் கோபம் வருகிறது. சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவன் அதை அப்படியே போட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "ஏனுங்க, கையக் கிய்ய அறுத்துக்கிட்டீங்களா?" என்று மனைவி ஓடி வந்தாள். இல்லை, ஒரு ஆளை நினைத்துக்கொண்டேன் என்றேன். எந்த ஆள் என்று அவள் கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்குச் சலித்துப்போன ஆள்தான்.

எண்பதுகளின் நடுவில் சேலத்து மலை மேல் மாரமங்கலம் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் கம்பவுண்டர். தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் டிஸ்பென்சரி. ஒரு பீரோ, ஒரு பெஞ்சு, கண்ணாடி ஊசிகளைக் கொதிக்க வைக்க ஒரு சட்டி. மூலையில் ஜாடி நிறைய விளக்கெண்ணெய் இருக்கும். அந்த ஜாடி மட்டும் மாதாமாதம் காலியாகிக்கொண்டே வந்தது. எஸ்டேட்டில் யாருக்கும் அவ்வளவு மலச்சிக்கல் கிடையாது. ஜீப் டிரைவர்தான் பாட்டிலோடு வந்து நிற்பார். "தொரை கேக்கறாருங்க. ஏரோப்ளேனுக்குங்க."

துரை என்றதும் வெள்ளைக்காரரை நினைத்துவிடாதீர்கள். சென்னையிலிருந்து மேனேஜராக வந்தவர், நம்மைவிட ஒரு பிடி கறுப்பாகவே இருப்பார். பங்களாவோடு சேர்ந்து பட்டமும் வந்துவிட்டது, அவ்வளவுதான். அவருக்கு ரேடியோவில் ஓட்டும் குட்டி விமானங்கள் என்றால் உயிர். அந்த எஞ்சின்களுக்கு ஸ்பிரிட் மாதிரி ஒன்றில் விளக்கெண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். காப்பி காயப்போடும் களத்தில் சாயங்காலம் அவர் பறக்கவிட்டால், கருகிய விளக்கெண்ணெய்ப் புகை மூடுபனியோடு கலந்து வரிசை வீடுகள் வரைக்கும் வரும். பிள்ளைகள் மருந்து ஊற்ற வருகிறார்கள் என்று பயந்து ஓடி ஒளியும். அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன், கவனித்தீர்களா? மரியாதை ஒன்றும் இல்லை. வாய் பழகிவிட்டது.

ஒரு நாள் விமானத்தின் சுழலும் விசிறி அவருடைய ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. கம்பவுண்டர் தையல் போடக்கூடாதுதான். மலை மேல் அதை யார் கேட்கிறார்கள்? நான்கு தையல் போட்டேன். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கம்பவுண்டர், உன் கை நல்லா நிதானமா இருக்கே. ஞாயித்துக்கிழமை பங்களாவுக்கு வா."

பங்களாவில் ஒரு நீளப் பெட்டி இருந்தது. சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த ரெடிமேட் ஹரிக்கேன். இரண்டாம் உலகப் போரில் பறந்த சண்டை விமானம். இறக்கையை மாட்டி எஞ்சினை வைத்தால் பறந்துவிடும். ஆனால் பார்க்கப் பொம்மை. உடம்பெல்லாம் பிளாஸ்டிக் மினுமினுப்பு, சக்கரம் இட்லி மாதிரி, உள்ளே இருக்கும் விமானிக்கு கார்ட்டூன் முகம். பெங்களூர்ப் பக்கம் ஒரு போட்டி நடக்கும். அதில் கடையில் வாங்கிய விமானத்தைத் திருத்தி நிஜத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவருகிறவர்களுக்கென்றே ஒரு பிரிவு. பர்மா எல்லையில் சண்டை போட்ட ஒரு விமானத்தின் மூன்று போட்டோக்களும் தடி ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் என் கையில் கொடுத்தார். "நீயே படிச்சுப் பாத்துச் செய். போட்டி அட்டையில ரெண்டு பேர் பேரும் போட்டுடலாம்."

ரெண்டு பேர் பேரும். அன்றைக்கு வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே தெரியாது. மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் என் பேரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி எழுதிப் பார்த்தேன். தாத்தா பேரும் ஞானஸ்நானப் பேரும் சேர்ந்து ரயில் மாதிரி நீளும். ஒரு அட்டையில் அடங்குமா என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை. இதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஜூன் மழையில் ஆரம்பித்த வேலை. முதலில் நைசான உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பை எடுத்தேன். வார்னிஷில் டிஸ்பென்சரி பவுடரைக் கலந்து பூசினால் பெயின்ட் மங்கி, வெயிலில் கிடந்த நிறம் வந்தது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி வெட்டி எஞ்சின் மூடித் தகடுகள் செய்தேன். அதில் ஒன்று மேஸ்திரியின் ஒடிந்த விலா எலும்பு. ஏரியல் கம்பிக்குத் தையல் நூல். விமானிக்கு நம்மூர் நிறத்தில் முகமும் கொஞ்சம் மீசையும் வைத்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ரிவெட். நிஜ விமானத்தின் இறக்கையில் தகடுகளைப் பொருத்திய ஆணித் தலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ரெடிமேடில் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி ஊசியில் வெள்ளைப் பசையை இழுத்து, கோடு போட்டு, ஒவ்வொரு பொட்டாக வைத்தேன். மூச்சை அடக்கி வைக்க வேண்டும். ஒரு பொட்டு பெரிதாகிவிட்டால் துடைத்துவிட்டு வரிசையையே மறுபடி ஆரம்பிக்க வேண்டும். துரை உடம்பு முழுக்க வைக்கச் சொன்னார். "பின்பக்கம் துணிங்க தொரை. துணியில ஆணி வராதுங்க" என்று புத்தகத்தைக் காட்டினேன். "ஓ, அப்படியா" என்றார். அந்தப் புத்தகத்தை அவர் பிரித்ததே இல்லை.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமையாச்சும் ஊட்டுல இருங்களேன். பூசை முடிஞ்சதும் அங்க ஓடிர்றீங்க. நொம்பத்தான் பண்றீங்க" என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏழு மாத ஞாயிறுகள். அவளிடம் அட்டையைப் பற்றிச் சொல்லி வாயை அடைத்தேன்.

வட்டச் சின்னத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பெட்டியில் வந்த ஸ்டிக்கர் வெளியே நீலம், உள்ளே வெள்ளை, நடுவில் சிவப்பு. அது ஐரோப்பாவுக்குச் சரி. கிழக்கே சண்டை போட்ட விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பான் விமானத்தில் சிவப்பு வட்டம் இருந்ததால், அவசரத்தில் பார்க்கிற சொந்த ஆளே சுட்டுவிடக் கூடாது என்று. அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு, கருநீல வட்டமும் நடுவில் வெளிர்நீலமும் வரைந்தேன். இறக்கை மேல் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு. போட்டோவில் இருந்தது அப்படியே வந்தது.

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் டைப் அடித்த ஒரு காகிதம். திருத்தங்கள் அனைத்தும் என் கையாலேயே செய்யப்பட்டவை, பிறர் உதவி பெறவில்லை என்று துரையின் உறுதிமொழி. கீழே அவர் கையெழுத்து. அதற்கும் கீழே சாட்சிக்கு ஒரு கோடு.

"இங்க ஒரு கையெழுத்துப் போடு, கம்பவுண்டர்."

"தொரைங்க, ரெண்டு பேர் பேரும் போடலாம்னு சொன்னீங்களே..."

"விதி அப்படி இல்ல. செஞ்சவன்தான் பறக்கவிடணும். நீ என்ன, சும்மா ஊசியில பொட்டு வெச்ச. அதுக்கெல்லாமா பேரு?"

போட்டேன். நான் செய்யவில்லை என்பதற்கு நானே சாட்சி. கை நடுங்கக்கூட இல்லை. அந்த நிதானத்தை நினைத்தால்தான் இன்றும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. மாதா கோவிலில் சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வருகிறவன்.

மறுநாள் மத்தியானம் துரை வெளியே சாப்பிடப் போயிருந்த நேரம் பங்களாவுக்குப் போனேன். சிவப்பு பெயின்டைக் குழைத்தேன். நான்கு வட்டங்களின் நடுவிலும், வெளிர்நீலத்தை மூடி, பிசிறில்லாமல் சிவப்பு வைத்தேன். நான் வைத்ததிலேயே அழகான பொட்டுகள் அவைதான். திரும்பி வந்தவர் பார்த்துவிட்டு, "ஆங், இப்பத்தான் எடுப்பா இருக்கு" என்றார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். நல்லது நடந்தால் துரைக்கு 'நான்'. கெட்டது நடந்தால் ஒரு பதவிப் பேர். களத்தில் காப்பி நனைந்தால் மேஸ்திரி விட்டுவிட்டான். ஜீப் பள்ளத்தில் இறங்கினால் டிரைவர் விட்டுவிட்டான், அவரே ஓட்டியிருந்தாலும். இந்தக் குணத்தை வைத்துத்தான் எல்லாம் திட்டமிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் நான் எதிர்பார்த்தது நாலைந்து மார்க் குறைய வேண்டும், அவர் முகம் சுருங்குவதை நான் பார்க்க வேண்டும். மீதியை அவரே செய்துகொண்டார்.

விமானத்தைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார். பெரிய பொட்டல், காலை வெயில், வரிசையாக விமானங்கள். நடுவர்களில் மூத்தவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர். பூதக்கண்ணாடியோடு எங்கள் ஹரிக்கேன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. இறக்கையை விரல் படாமல் தடவுகிற மாதிரிப் பார்த்தார். "இந்த ரிவெட்டெல்லாம் எப்படி வெச்சீங்க?"

"ஊசியால சார். ஏழு மாசம். ஒவ்வொண்ணும் என் கையால" என்றார் துரை. நான் பின்னால் டூல் பெட்டியோடு நின்றேன்.

பூதக்கண்ணாடி சிவப்பில் வந்து நின்றது. "பர்மா விமானம்னு எழுதியிருக்கீங்க. உங்க போட்டோவிலேயே நடுவுல வெளுப்பா இருக்கு. இந்தச் சிவப்பு எங்கேருந்து வந்தது?"

தவறிவிட்டது சார் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நாலு மார்க் போயிருக்கும், அந்த ரிவெட்டுக்கே கோப்பை கிடைத்திருக்கும். துரை போட்டோவைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார். "அது என் கம்பவுண்டர் அடிச்சது சார். மடையன்."

நடுவரின் பேனா நின்றது. "அப்போ மத்ததெல்லாம்?"

நடுவர் உறுதிமொழிக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். சாட்சிக் கையெழுத்தைப் பார்த்தார். டிஸ்பென்சரிக் கிறுக்கல், யாராலும் படிக்க முடியாது. "இந்தச் சாட்சி யாரு?"

"கம்பவுண்டர்தான்."

பக்கத்தில் இருந்த நடுவர் சிரித்தே விட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை. "அவர் பேர் என்ன?"

"கம்பவுண்டர்..."

"பேர் கேட்டேன்."

துரை திரும்பி என்னைப் பார்த்தார். ஆறு வருஷம். அவர் விரலைத் தைத்தவன் நான். காய்ச்சலில் குப்புறப் படுக்கவைத்து ஊசி போட்டவன் நான். ஏழு மாத ஞாயிறு அவருடைய மேசையில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தவன் நான். அவருக்கு என் பேர் தெரியாது. விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும் என்று இத்தனை தூரம் வந்தவனுக்குக் கன்னத்தில் அறை வாங்கின மாதிரி இருந்தது. ரெண்டு பேர் பேரும் போடலாம் என்று அவர் சொன்னாரே, அன்றைக்கு எந்தப் பேரைப் போடுவதாக இருந்தார்?

நானே சொன்னேன். நடுவர் எழுத்துக்கூட்டிக் கேட்டு, அட்டையில் துரையின் பேரை ஒரு கோட்டில் அடித்துவிட்டு, மேலே என் பேரை எழுதினார். விமானம் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அது பறக்கவே இல்லை.

திரும்பும்போது ஹரிக்கேன் என் மடியில் இருந்தது. தொப்பூர் தாண்டி, சேலம் தாண்டி வந்தோம். அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது துரை கேட்டார்: "உன் முழுப் பேரையும் சொல்லு." சொன்னேன். மருந்து குடிக்கிற மாதிரி ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில், அத்தனை பேர் முன்னால் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். இனிஷியலோடு, தாத்தா பேரோடு, ஞானஸ்நானப் பேரோடு, ஒரு எழுத்து விடாமல். ஆட்கள் யாரோ புது ஆள் வந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவர் என்னைக் கம்பவுண்டர் என்றதே இல்லை. வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே. அதற்குப் பதிலாகத் தினமும் பல்லுக்கு நடுவே அந்தப் பேரைத் துப்பினார். நானும், "சொல்லுங்க தொரை" என்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றேன். பத்து வருஷம் இரண்டு பேரும் சளைக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எஸ்டேட் கைமாறியது. அவர் சென்னைக்குப் போய்விட்டார். ஹரிக்கேனின் இறக்கையை ஜீப் ஷெட்டில் எலி தின்றுவிட்டது. களம் இருந்த இடத்தில் இப்போது ரிசார்ட்டுக்காரர்கள் கார் நிறுத்துகிறார்கள். டிஸ்பென்சரி இருந்த சுவடே இல்லை. போன வருஷம் பழைய டிரைவர் போன் செய்தார். "தொரை போய்ட்டாருங்க." சந்தோஷப்பட்டேன், உங்களிடம் மறைப்பானேன். ஒண்டிக்கடை முக்கு டீக்கடையில் நின்று இன்னொரு டீ சொல்லிக் குடித்தேன்.

டீக்கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டி, "வெச்சுக்குங்க கம்பவுண்டரே" என்றார். அங்கேதான் உறைத்தது. கடைத்தெருவில் நான் கம்பவுண்டர், கோவிலில் கம்பவுண்டர் ஐயா, பேங்கில் டோக்கன் நம்பர். மனைவிக்கு ஏனுங்க. பிள்ளைகளுக்கு அப்பா. ஓட்டர் லிஸ்டில்கூடப் பாதிப் பேரைத் தின்றுவிட்டார்கள். என் பேரை முழுதாக, ஒரு எழுத்து பிசகாமல், வாய் திறந்து சொன்னவர் இந்த மலையில் ஒரே ஒரு ஆள்தான். பாவி, போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.