கதவோரக் கடைசி பெஞ்ச்

பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அட்மிஷன். சம்பளமும் லீவும் இல்லாத இந்த வேலையில் இருக்கும் சக அம்மாக்களே, 'மிஸ் உங்களைப் பார்க்கணுமாம்' என்ற அந்த போன் உங்களுக்கும் வந்திருக்கும்.

வந்தது போன்

என் மகள் யாழினி மாமல்லபுரத்தில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போட்டது போட்டபடி ஓடினேன். எழுதச் சொன்னால் பாதியில் எழுந்து போகிறாளாம், கூப்பிட்டால் காதில் விழுவதே இல்லையாம். வீட்டிலும் ஒற்றைக்கால் செருப்போடு கடைக்குக் கிளம்புகிறவள்தானே என்று நான் சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா. இப்படியே இருந்தா அடுத்த வருஷம் வேற ஸ்கூல் பார்த்துக்கச் சொல்றாங்க பெரிய மேடம்."

கேட் வைத்தியம்

பள்ளி விடும் நேரத்தில் கேட் அருகே நிற்கும் அம்மாக்கள் எல்லோருமே டாக்டர்கள்தான். ஒருத்தி வல்லாரை கொடு என்றாள். ஒருத்தி கயிறு மந்திரித்துக் கட்டு என்றாள். இன்னொருத்தி செல்போனைப் பிடுங்கு என்றாள்; என்னுடையதோ பட்டன் போன். கயிறு கட்டிவிடலாம் என்று நான் தலையாட்டியபோது எங்கள் தெரு ஸ்டெல்லா அக்கா குறுக்கே வந்தார்.

"பல்லு வலின்னா மட்டும் டாக்டராண்ட ஓடுற. இதுக்கு இன்னாத்துக்குடி கயிறு?"

செங்கல்பட்டில் ஒரு கேள்வி

கயிற்றை விட்டுவிட்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மா யாழினியோடு வெகுநேரம் விளையாடினார். கவனக்குறைபாடு இருக்கிற மாதிரி தெரிகிறது, ஆனால் வகுப்பில் எப்படி இருக்கிறாள் என்று மிஸ்ஸும் சொன்னால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்.

பிறகு, வகுப்பில் எங்கே உட்காருகிறாள் என்று கேட்டார். கடைசி பெஞ்ச், கதவோரம். எழுந்து ஓடினாலும் மற்ற பிள்ளைகளை இடிக்காமல் ஓடட்டும் என்று மிஸ் செய்த ஏற்பாடு. கதவுக்கு வெளியே சிற்பப் பட்டறை. நாள் முழுக்க உளிச் சத்தம். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"அங்க உட்கார வெச்சிருந்தா நானே பாஸாகியிருக்க மாட்டேன்மா."

இடமாற்றம்

மிஸ்ஸிடம் இதைப் பயந்து பயந்துதான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சமர்த்துக்கு முதல் பெஞ்ச், வாலுக்குக் கடைசி பெஞ்ச் என்பது நான் படித்த கிராமத்துப் பள்ளியிலும் வழக்கம்தான். மறுநாளே யாழினி முன்னால் வந்தாள். எழுந்து ஓடத் தோன்றும்போதெல்லாம் போர்டு அழிக்கிற வேலை அவளுக்கு. மிஸ் தான் பார்த்ததை எல்லாம் டாக்டரம்மாவிடம் போனில் சொன்னார். இருப்பது கவனக்குறைபாடுதான் என்று உறுதியானது. அதற்கான பயிற்சிக்கு இப்போதும் செங்கல்பட்டு போய் வருகிறோம்.

ஆண்டு முடிவில் மிஸ்ஸிடமிருந்து மறுபடி போன். மறுபடி போட்டது போட்டபடி ஓடினேன்.

"பெரிய மேடம்கிட்ட பேசிட்டேன். யாழினி எங்கயும் போகல. அவ போயிட்டா எனக்கு யார் போர்டு அழிப்பா?"

பென்சில் மட்டும் இன்னும் தினம் ஒன்று தொலைகிறது. அதை எந்த பெஞ்சில் உட்கார வைப்பது என்று சக அம்மாக்கள் யாராவது சொன்னால் தேவலை.