குடைத் தண்ணீர்

காரை வாங்க வந்த தம்பி முதலில் எஞ்சினைப் பார்க்கவில்லை. இடது பக்கக் கதவைத் திறந்து, கால்மிதியைத் தூக்கிவிட்டு, கீழே இருந்த கார்பெட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார். விவரமான ஆள்தான். அங்கே சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை இருக்கிறது. "தண்ணி எறங்குதாக்கா?" என்றார். "இல்ல தம்பி, அதெல்லாம் முன்னாடி" என்றேன். நம்பாதவர் போல முன்பெட்டியைத் திறந்து உள்ளே துழாவினார். பழைய இன்சூரன்ஸ் தாள், ஒரு டார்ச் லைட், அதற்கு அடியில் நான்காக மடித்த ஒரு பிளாஸ்டிக் ரொட்டிப் பை. குப்பை என்று நினைத்து அதைக் கசக்கப் போனார். "ஐயோ, அத விடுங்க" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். தம்பி பயந்தே போனார்.

அந்தப் பை டீச்சருடையது. நானும் டீச்சர்தான், ஆனால் எங்கள் பள்ளியில் வெறுமனே டீச்சர் என்றால் அது கணக்குப் பாடம் எடுத்த அவர்தான். என்னைவிட நாலு வயது மூத்தவர். ஈப்போவில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். பள்ளி கோலா கங்சார் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, சனங்களெல்லாம் டவுனுக்குப் போய்விட்ட பிறகும் தோட்டத்தின் பெயரைப் பள்ளி மட்டும் விடாமல் வைத்திருந்தது. டீச்சருக்குக் கார் ஓட்ட வராது. கற்றுக்கொள்ளப் போன முதல் நாளே சாக்கடையில் இறக்கிவிட்டு வந்தவர். "அந்த ஸ்டியரிங்க நம்புறதுக்கு உன்னைய நம்பிட்டுப் போலாம் லா" என்று சொல்லி என் காரில் ஏறினார். பிறகு அந்த இடது பக்க இருக்கை அவருடையது என்றே ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை என்றால் டீச்சர் மல்லிகைப்பூவோடு வருவார். அவர் வீட்டுத் தொட்டிச் செடியில் பூத்தது, அவரே கட்டியது. ஒரு சரம் என் தலைக்கு, ஒரு சரம் காருக்கு. காருக்கானதை நான்தான் வாங்கி, முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் ஓரமாகச் செருகுவேன். அந்தச் சாலையில் மர லாரிகள் வரும் வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் பக்தி வரும். டீச்சர் கிண்டல் செய்வார். "நமக்கு எதுக்குடி? அந்த லாரிக்காரனுக்கு ஒரு மொழம் குடு, அவன் பாத்து ஓட்டட்டும்." நாங்கள் சிரித்த சிரிப்பில் பாதி தூரம் போவதே தெரியாது. என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நேரம் எது என்று கேட்டால், காலை ஆறரை மணி என்றுதான் சொல்வேன்.

அப்படி இருக்கும்போதுதான் காருக்குள் ஈர நாற்றம் ஆரம்பித்தது. மழை பெய்த மறுநாளெல்லாம் டீச்சர் கால் வைக்கும் இடத்தில் கார்பெட் சொதசொதவென்று இருக்கும். பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறை முதலாளி தவுக்கே, ஏர்கோன் குழாய் அடைத்திருக்கிறது என்று ஊதிச் சுத்தம் செய்து கொடுத்தார். மூன்று நாள் காய்ந்து கிடந்தது, அடுத்த மழைக்கு மறுபடி அதே கதை. இன்னொரு பட்டறையில் கதவு ரப்பரை மாற்றினார்கள். அதற்கும் தண்ணீர் நிற்கவில்லை. எங்கள் பக்கத்து மழையைச் சொல்லவா வேண்டும்? மதியம் மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்தால், நாங்கள் பள்ளியை விட்டுக் கிளம்பும்போது கொட்டும். டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு ஏறுவார், அதைக் காலடியில் வைப்பார். நானும் நாள்தோறும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் காலையில், பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளை எடுக்கக் கதவைத் திறந்தேன். முந்தின நாள் அந்தக் காலடியில் மறந்து வைத்துவிட்ட நோட்டுகள். எல்லாம் ஊறி, மை கரைந்து, ஓர் எழுத்தும் தெரியவில்லை. எனக்கு வாய் நீளம் என்று என் அம்மாவே சொல்வார். அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்து நின்றார். "குடைய வெளிய ஒதறிட்டு ஏறத் தெரியாதா டீச்சர்? சொந்தமா ஒரு காடி வச்சிருந்தாத்தானே அதோட அரும தெரியும்" என்று கேட்டுவிட்டேன். டீச்சர் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஏறி உட்கார்ந்தார், குடையை மடியில் வைத்துக்கொண்டார். பள்ளியில் இறங்கும்போது, "நாளையிலேர்ந்து நான் பஸ்ஸுல வாரேன். நீங்க சிரமப்படாதீங்க" என்றார். அத்தனை வருடமாக என்னை நீ, வா, போ என்றவர். அந்த 'நீங்க' என் நெஞ்சில் வந்து இடித்தது.

மறுநாளிலிருந்து அவர் இரண்டு பஸ் மாறி வந்தார், அரை மணி தாமதமாக, வியர்த்து ஒழுக. அந்த வாரமே ஒரு மழை பெய்தது. இடது பக்க இருக்கை காலி, குடையும் இல்லை. ஆனாலும் காலையில் கார்பெட் ஊறிக்கிடந்தது. குற்றம் அவர்மேல் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. வறட்டுக் கௌரவம். மூன்று வாரம் அவரைப் பார்த்தும் பார்க்காதவள்போல் நடந்தேன். இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே வெறுப்பு வருகிறது.

ஒரு சனிக்கிழமை காலையில் என் வீட்டு கேட்டில் டீச்சர் நின்றார். ஒரு கையில் டார்ச் லைட், ஒரு கையில் சாக்பீஸ் டப்பா. "வீட்டுக்குள்ள வரல. காடியத் தெறங்க. தப்பு எம்மேல இல்லன்னு நிரூபிக்காம எனக்குத் தூக்கம் வராது" என்றார். கணக்கு டீச்சர் இல்லையா? கார்பெட்டை உரித்து, உள்ளே இருந்த தகடு முழுக்கச் சாக்பீஸை வெள்ளைவெளேரென்று தேய்த்தார். புடவையைச் செருகிக்கொண்டு காலடியில் குனிந்து டார்ச்சைப் பிடித்தார். நான் வெளியே ரப்பர் குழாயோடு நின்றேன். கூரையில் ஊற்றச் சொன்னார், ஒன்றுமில்லை. கதவில் ஊற்றச் சொன்னார், ஒன்றுமில்லை. முன் கண்ணாடியில் ஊற்றினேன். இரண்டு நிமிடம் கழித்து உள்ளேயிருந்து ஒரு கத்தல். "வருது வருது! மேலேர்ந்து வருது!" ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏர்கோன் காற்றடிக்கும் பெட்டியிலிருந்து வெள்ளைச் சாக்பீஸின் மேல் கறுப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று தேடி, வைப்பருக்குக் கீழே இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினோம். அடியில் மழைத் தண்ணீர் வடிவதற்கு ஒரு வாய்க்கால், அதன் மூலையில் ஓர் ஓட்டை. ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒரு கை நிறையக் கறுப்பு உருண்டை. வடிய வழியில்லாத தண்ணீர் நிரம்பி, காற்று போகும் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. டீச்சர் அந்த உருண்டையை எடுத்துப் பிய்த்தார். நார் நாராக நூல் வந்தது. அவர் கட்டிய நூல், நான் செருகிய மல்லிகை, எத்தனையோ வெள்ளிக்கிழமை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அடக்க முடியாமல் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். "திங்கக்கெழம ஆறரைக்கு வாரேன்" என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதே அந்தச் சிரிப்பில் மறந்துபோனது.

திங்கட்கிழமை மதியம் மழை. டீச்சர் வெளியே நனைந்துகொண்டே நின்று, கைப்பையிலிருந்து ஒரு ரொட்டிப் பையை எடுத்து, அதற்குள் குடையைப் போட்டு, வாயைச் சுருட்டிக்கொண்டு ஏறினார். "எதுக்கு டீச்சர் இதெல்லாம்?" என்றேன். "இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் அதே பைதான். மற்றதெல்லாம் திரும்பி வந்தது. கிண்டல் வந்தது, பூ வந்தது, 'நீ' கூட வந்தது. கார்பெட்டில் ஒரு சொட்டு விழவில்லை. ஒன்பது வருடம், அந்தப் பை மட்டும் போகவில்லை. "வேணாம் டீச்சர்" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "பழகிருச்சு லா" என்பார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் ஓய்வு பெற்ற நாளிலும் மழை. மாலையும் பரிசுப் பொட்டலமுமாக வந்து, வழக்கம்போல நனைந்துகொண்டே பையைப் பிரித்தார். நான் இறங்கிச் சுற்றிப் போய், பையைப் பிடுங்கி முன்பெட்டிக்குள் திணித்தேன். சொட்டச் சொட்ட இருந்த குடையை வாங்கி, அவருடைய காலடி கார்பெட்டிலேயே உதறினேன். "மன்னிச்சிருங்க டீச்சர். அன்னிக்கே கேட்டிருக்கணும்" என்றேன். அழுகை வந்துவிட்டது. டீச்சர் குனிந்து அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அடி பைத்தியம்! நாறப்போகுதுடி" என்று என் தலையில் குட்டினார். ஈரத்திலேயே கால் வைத்து உட்கார்ந்து, ஈரக் குடையைத் தூக்கிப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டார். நான் அந்தக் கார்பெட்டைக் காயவைக்கவில்லை.

டீச்சர் இப்போது சித்தியவானில் மகள் வீட்டில் இருக்கிறார். எனக்கும் வேலை முடிந்தது, இனி இந்தக் கார் எதற்கு என்றுதான் விற்கிறேன். தம்பி பானெட்டை மூடிவிட்டு மறுபடி அந்தக் கறைக்கே வந்து நின்றார். "உண்மையச் சொல்லுங்கக்கா. ஒழுகலன்னா இது எப்புடி வந்துச்சு?"

கையில் இருந்த பையை மடித்துக்கொண்டே சொன்னேன். "குடைத் தண்ணி தம்பி. நான்தான் ஊத்துனேன்."