கூடுதுறைத் தீர்த்தம்

பாதிப் பல்லடத்தின் ரத்தத்தை மடியில் வைத்துக் கோவைக்குக் கொண்டுபோனவள் முத்தாத்தாள். பாதி என்பது கொஞ்சம் கூடத்தான். தறிக்காரர்களின் ஒரே ஒரு லைன் வீட்டு வரிசை என்றால் கதை கேட்க யார் உட்காருவார்கள்?

தொண்ணூற்று மூன்று சித்திரை. அந்த லைனில் காமாலை பரவி, மாசமாயிருந்த ஒருத்தி செத்தே போனாள். கர்ப்பிணிகளின் கல்லீரலை இந்தக் காமாலை ஏன் இப்படித் தின்கிறது, எந்தத் தண்ணீரில் வருகிறது என்று கோவை டாக்டரம்மா ஒருவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். கிணற்றுத் தண்ணீர் குடித்தவர், குழாய்த் தண்ணீர் குடித்தவர், இரு தரப்பிலும் ரத்தம் கேட்டார். ஊசியைக் கண்டால் ஓடுகிற சனத்தைக் கெஞ்சிக் கூத்தாடிக் கை நீட்ட வைத்தவள், சுகாதார நிலைய ஆயா முத்தாத்தாள். பிளாஸ்க்கில் போட்ட ஐஸ் உருகி ரத்தம் கெட்டால் மறுபடி ஒருவரும் நீட்டமாட்டார்கள். அவள் மருமகள் கீதாவுக்கோ ஏழாம் மாதம்; குடிப்பதும் அதே லைன் தண்ணீர்.

சுகாதார நிலைய ஜீப் படுத்துக்கொண்டதால் பஸ்ஸில் போக வேண்டியதாயிற்று. சூலூரில் ஏறிய ஒருத்தி, அழுகிற குழந்தையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்கக்கா, பிளாஸ்க்குல பாலுங்களா? புள்ளைக்கு ஒரு மூடி ஊத்துங்க."

வெறுமனே இல்லை என்று சொல்லிப் பழகாத நாக்கு. ரத்தம் என்றாலோ இறக்கிவிடுவார்கள். "பாலில்லீங்க... பவானி கூடுதுறைத் தீர்த்தமுங்க" என்றுவிட்டாள்.

போச்சு. முன் சீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் குவித்தார். பின்னாலிருந்து இன்னும் கைகள். கண்டக்டர் திருமலைசாமியும் பையை இடுக்கிக்கொண்டு, "எனக்கும் ஒரு சொட்டுங்க" என்றார். குழந்தையின் தாய் மூடியைத் திருகவே ஆரம்பித்துவிட்டாள். முத்தாத்தாள் பிளாஸ்க்கைப் பிடுங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க! ரத்தமுங்க. காமாலைக்காரங்க ரத்தம்."

நீண்ட கைகள் மாயமாயின.

"எறக்கியுடுங்க அந்தம்மாவ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எறங்க மாட்டனுங்க. எம் மருமவ மாசமா இருக்கறா. எந்தத் தண்ணி ஆளக் கொல்லுதுன்னு இது போய்ச் சேந்தாத்தான் தெரியும்."

திருமலைசாமி விசிலை ஊதினார். விட்டால் போதுமென்ற பயத்தில் பஸ் எங்குமே நிற்காமல் ஆஸ்பத்திரி வாசலுக்கே பறந்தது. ரத்தம் கெடவில்லை. குற்றவாளி கிணறுதான் என்று முடிவு வந்ததும் அதை மூடினார்கள். கீதா நல்லபடியாகப் பெற்றெடுத்தாள்; பெண் குழந்தை, இனியா.

இனியாவின் காதுகுத்துக்கு முத்தாத்தாள் அழைத்திருந்த கண்டக்டர் திருமலைசாமி, பந்தியில் இந்தக் கதையைக் கேட்டு இலையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"நிக்காமப் போகலீங்க. சிங்காநல்லூர்ல நிறுத்துனோம். பால் கேட்ட அந்தப் புள்ளையோட அம்மாதான் எறங்கி ஓடி, சர்பத் கடைல ஐஸ் வாங்கியாந்து குடுத்துச்சு."