லீலாவை மட்டும் அனுப்பாதேயும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் வாழ்நாளில் நான் செய்த ஜெபங்களிலேயே கேவலமான ஒன்றுக்குத்தான் ஆண்டவர் உடனே பதில் தந்தார். ஏழு வருஷமாக இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்ன இடங்களிலும் என்னை நல்லவளாக்கித்தான் சொன்னேன். இன்று உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் பருத்தியும் கம்பும் விதைக்கிற கரிசல்காட்டுக் குடும்பம் எங்களுடையது. நான் மூத்த மருமகள். என் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் லீலா. திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் பிறந்தவள், வாத்தியார் மகள். அவள் வந்த இரண்டு வருஷத்தில் என் வீட்டில் நானே விருந்தாளி ஆகிவிட்டேன். ஆலயத்தில் அவள் பாட்டு. அடுப்படியில் அவள் மீன்குழம்பு. என் வீட்டுக்காரர் போட்டதைத் தின்றுவிட்டு வாய் திறக்காமல் எழுந்து போகிற மனுஷன். அவரே அந்தக் குழம்புக்கு, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று என்னிடம் கேட்டார். ஒரு நாள் யாரும் பார்க்காத நேரம் அவள் குழம்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டேன். மாமனார் சாப்பிட்டு முடித்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் ஒரே மகள் எஸ்தர், ஏழு வயது, சித்தி சித்தி என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். எஸ்தருக்குப் பிறகு எனக்கு இரண்டு முறை உண்டாகித் தங்கவில்லை. லீலாவுக்கோ அப்போது ஐந்து மாதம். ஜெபிக்க முழங்கால் போட்டால் அவள் வயிறுதான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். நான் செத்தால்கூட இந்த வீட்டில் ஒரு குறையும் தெரியாது என்று அழுத நாட்கள் உண்டு.

அந்தக் கோடை விடுமுறையில் அவள் ஊர் ஆலயத்தில் அசனம். சபையார் எல்லாரும் கூடிச் சமைத்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. குடும்பமாகப் போனோம். மறுநாள் காலை ஆண்கள் அசனப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கப் போய்விட்டார்கள். லீலா என்னையும் எஸ்தரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர் வற்றிப் பாறைகள் வெளியே தெரிந்தன. பாறைக் குழிகளில் தெளிந்த தண்ணீர் தேங்கியிருந்தது. லீலா ஒவ்வொன்றாகக் காட்டினாள். விரலை நீட்டினால் உள்ளே சுருங்கிக்கொள்ளும் பூ. சங்குக்குள் குடியிருக்கும் நண்டு. ஐந்து கை விரித்துக் கிடக்கும் நட்சத்திர மீன். எஸ்தர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். என்னிடம் ஒரு கதையையும் அவள் அப்படிக் கேட்டதில்லை.

எனக்குத் தாங்கவில்லை. "வாட்டி, அங்கன இதைவிடப் பெரிசா இருக்கும்" என்று மகள் கையைப் பிடித்துக் கடல் பக்கமாகத் தள்ளியிருந்த பாறைக்குக் கூட்டிப்போனேன்.

லீலா பின்னாலிருந்து கூப்பிட்டாள். "யக்கா, தண்ணி ஏறுத நேரமாச்சு. இங்கிட்டு வந்துருங்க."

"உங்க ஊரு தண்ணி எங்கள முழுங்கிருமாக்கும். நீ உன் சோலியப் பாரு" என்றேன்.

அண்ணாந்து பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. கரிசல்காட்டில் தேங்கிய தண்ணீர் வெயிலுக்கு வற்றும். மழை பெய்யாமல் ஏறி நான் பார்த்ததில்லை. அவள் பெருமைக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. திரும்பும்போது எஸ்தர் பாசியில் வழுக்கி விழுந்தாள். வலது கால் கணுக்கால்வரை பாறை வெடிப்புக்குள் போய்விட்டது. காட்டு வெடிப்பில் கால் மாட்டினால் ஓரத்து மண்ணைக் கொத்தி எடுத்துவிடுவோம். இது பாறை. இழுத்தேன். பிள்ளை அலறினாள். இழுக்க இழுக்கக் கால் வீங்கியது. ஓர் அலை வந்து அவள் மடியை நனைத்தது. அடுத்தது நெஞ்சுவரை வந்தது.

அப்போதுதான் ஜெபித்தேன். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும். லீலாவை மட்டும் அனுப்பாதேயும்."

பிள்ளைத்தாச்சி ஆயிற்றே என்ற இரக்கத்தில் அப்படிக் கேட்டதாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். அவள் வந்து காப்பாற்றினால் என் மகள் காலத்துக்கும் அவள் மகளாகிவிடுவாளே என்ற பயம்தான். பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது எனக்கு அந்த நினைப்பு.

லீலாதான் வந்தாள். நின்றால் வழுக்கும் என்று உட்கார்ந்தபடியே பாறையில் நகர்ந்து நகர்ந்து வந்தாள்.

"இழுக்காதீங்கக்கா. பிள்ளய மட்டும் பிடிச்சுக்கோங்க."

வழவழவென்றிருந்த பாசியைக் கை நிறையப் பிய்த்து வெடிப்புக்குள் காலைச் சுற்றித் திணித்தாள். "எஸ்தரு, சித்தியப் பாரு. விரல எல்லாம் கீழ நீட்டு. காலுக்குப் பெலங் குடுக்காத." பிறகு பாதத்தை மெல்லத் திருப்பினாள். அலை வந்து வெடிப்பு நிறைந்தது. கால் வெளியே வந்துவிட்டது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். கரைக்கு வரும் வழியில் இடுப்பளவு தண்ணீர். "அலை போகட்டும்... இப்ப நடங்க" என்று லீலா சொல்லச் சொல்ல நடந்தேன். இரண்டு வருஷத்தில் ஒரு முறைகூடத் தொடாத அவள் கையை இறுகப் பிடித்திருந்தேன். மணலுக்கு வந்ததும் எஸ்தர் என் இடுப்பிலிருந்து தாவி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்போதும் எனக்குச் சுருக்கென்றது. மனுஷ புத்தி அவ்வளவுதான்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "நீ வரக் கூடாதுன்னுதாம்டி ஜெபிச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "உங்களுக்கு என்னப் பிடிக்காதுன்னு தெரியுங்க்கா. அதான் நீங்க கூப்பிடட்டும்னு காத்துக்கிட்டு இருக்கல."

ஆவணியில் அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பத்தியச் சோறு வடித்துப்போட்டது நான்தான். முதன்முதலாக அவளுக்காக ஜெபித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஜெபித்தேன். போகப் போகப் பழகிவிட்டது. பொறாமை முற்றிலும் போய்விட்டது என்று சொன்னால் ஆலயத்தில் நின்று பொய் சொன்னதற்குச் சமம். போன ஞாயிறுகூட அவள் பாடும்போது எட்டிப் பார்த்தது. உடனே அவள் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் செய்தேன். அடங்கிவிட்டது. எஸ்தர் இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் நொண்டாமல் நடந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் ஆண்டவரை நினைக்கிறேன்.

பிரியமானவர்களே, நீங்களும் தைரியமாகக் கேளுங்கள், அவர் தருவார். யார் வழியாக அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர் அனுப்புகிறவரை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை, கையை நீட்டுங்கள்.