கறுப்புக் களிசானில பூனை மயிர்

எங்கட வீட்டில பூனையும் இல்லை, நாயும் இல்லை. பிறகெப்படி என்ர மகள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போற கறுப்புக் களிசானில இவ்வளவு மயிர்?

மகளுக்கு வவுனியாவில ஒரு கந்தோரில வேலை. நெளுக்குளத்தில அறை எடுத்து இருக்கிறாள். வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்சில நெடுங்கேணிக்கு வரேக்க ஒரு பை நிறைய ஊத்தை உடுப்பும் வரும். அங்கத்தைத் தண்ணி உப்பாம், சவுக்காரம் நுரைக்காதாம். கிணத்தடியில நான்தான் தோய்ச்சுக் குடுக்கிறனான்.

கேட்டதுக்கு, "அது துவாய்ப் பஞ்சு அம்மா. போன முறை நீங்கள் துவாயோட சேர்த்து ஊறப்போட்டிருப்பியள்" எண்டாள். ஆருக்குக் கதை விடுறாள்? துவாய்ப் பஞ்சு எண்டால் ஈரக்கையால ஒருக்கா வழிக்க உருண்டு வந்திடும். இது துணிக்குள்ள குத்திக்கொண்டு நிக்குது. பாத்திரம் கழுவுற ஸ்பொஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு, மேல இருந்து கீழ ஒரே பக்கமாத் தேய்ச்சன். சேர்ந்து வந்ததை வெயிலில பிடிச்சுப் பாத்தன். பாதி வெள்ளை, பாதி செம்மஞ்சள். பூனைதான்.

அதிலயும் பாருங்கோ, களிசானின்ர முன்பக்கம் துப்புரவு. மயிரெல்லாம் பின்பக்கம், இருக்கிற இடத்தில. பூனையை மடியில வைச்சுக் கொஞ்சினால் முன்னுக்கெல்லோ ஒட்டும்? இவள் பூனை படுக்கிற கதிரையில போய் இருந்திருக்கிறாள். அறை தந்த வீட்டுக்கார அம்மாவுக்குப் பூனையைக் கண்ணில காட்டேலாது. நானே போய்ப் பார்த்து விட்ட வீடு அது. அப்ப இது ஆற்ற வீட்டுக் கதிரை?

மனுசனிட்டச் சொன்னன். "நீ பொலிசில சேர்ந்திருக்க வேண்டிய ஆள்" எண்டு சிரிச்சுப்போட்டு வயலுக்கு வெளிக்கிட்டார். அவளுக்கு ஒருத்தன் இருந்தால் இருக்கட்டும், நான் என்ன வெட்டியே போடப்போறன்? ஊரெல்லாம் அறிஞ்ச பிறகு கடைசியாத்தான் எனக்குத் தெரிய வருமோ எண்டதுதான் பயம். ஆனாலும் திருப்பிக் கேக்கேல்லை. கேட்டால் இன்னொரு பொய் வரும்.

பேசாமல் தோய்ச்சுக்கொண்டிருந்தன். கிழமைக்குக் கிழமை அதே மயிர், அதே பின்பக்கம்.

ஒருநாள் காலமை வாசலில ஆட்டோ நிண்டுது. என்ர வயசில ஒரு அம்மா இறங்கினா. கடும் நீலச் சீலை, கழுத்தில சிலுவை. குத்தரிசி வாங்க வந்தாவாம். எங்கயிருந்து எண்டு கேட்டன். நெளுக்குளமாம். நெளுக்குளத்தில இல்லாத குத்தரிசியோ? உள்ளுக்குக் கூப்பிட்டுக் கதிரையைக் காட்டினன். தேத்தண்ணி குடிக்கிறியளோ எண்டு கேக்கேல்லை.

அவா அரிசி என்ன விலை எண்டே கேக்கேல்லை. எத்தினை பிள்ளையள், சொந்த இடம் யாழ்ப்பாணமோ, எந்தக் கோயிலுக்குப் போறனீங்கள், இதுதான் கதை. கண் மட்டும் சுவரில இருந்த மகளின்ர படத்துக்குப் போய்ப் போய் வந்துது. பிறகு, "இன்னொரு நாளைக்கு வாறன்" எண்டு எழும்பி வாசல் பக்கம் திரும்பினா.

சீலையின்ர பின்பக்கம் முழுக்க மயிர். பாதி வெள்ளை, பாதி செம்மஞ்சள்.

"கொஞ்சம் நில்லுங்கோ" எண்டு சொல்லிக் குசினிக்குள்ள போய் ஸ்பொஞ்சை நனைச்சுப் பிழிஞ்சுகொண்டு வந்தன். சீலையை மேல இருந்து கீழ தேய்ச்சன். அவா அசையேல்லை. சேர்ந்து வந்ததை உள்ளங்கையில வைச்சு அவாவுக்குக் காட்டினன்.

"வீட்டில ஒரு பூனை நிக்குது. எந்தக் கதிரையையும் விடாது" எண்டா.

"தெரியும். உங்கட கதிரை மயிரைத்தானே நான் இவ்வளவு நாளும் தோய்க்கிறன்."

"அப்ப பிள்ளை சொல்லிட்டாவோ? நாங்கள் வேதக்காரர், அம்மா ஒத்துக்கொள்ள மாட்டா எண்டு பயந்துகொண்டு இருந்தவா. அதுதான் முதல்ல நான் உங்களை ஒருக்காப் பாப்பம் எண்டு வந்தனான். நான் வந்தது மகனுக்கும் தெரியாது."

"அவள் சொல்லேல்லை" எண்டன். "அதுதான் நோகுது."

அவா திரும்பி வந்து அதே கதிரையில இருந்தா. நான் கையைக் கழுவிப்போட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சன்.