ரஷ்யாக்காரனுக்கு எங்கம்மா போட்ட வாய்க்கரிசி

நம்புனா நம்புங்க, இல்லாட்டி சிரிச்சுட்டுப் போங்க, நானும் அப்படிச் சிரிச்ச ஆளுதான். சுடுகாட்டு வழியா பாட்டுப் பாடிக்கிட்டே சைக்கிள்ல வருவேன், கூட வர்றவன் பேயி கீயின்னா எறங்கி நடந்து வாடான்னுருவேன். எட்டாவதோட நிறுத்திட்டு ஆத்தங்குடியில டைல்ஸ் பட்டறைக்கு வந்தவன், எனக்கு எதுவும் கையில தட்டுப்படணும், அப்பத்தான் நம்புவேன். இது கையில தட்டுப்படல, அதான் சங்கடம்.

எங்க அண்ணன் முருகேசன் மலேசியாவுக்குக் கட்டட வேலைக்குப் போயி, சாரத்துல இருந்து விழுந்து செத்துப் போனான். எங்க தெருவுல மாடி கட்டுன மெத்த வீட்டுக்காரக வீட்டு போன்லதான் சேதி வந்துச்சு. கொண்டார வழியில்லன்னு அங்குட்டே பொதைச்சுப்புட்டாக. எங்கம்மா அழுகல. "எம்புள்ளைக்கு ஒரு வாய்க்கரிசி போட விடல பாத்தியா"ன்னு ஒரு தடவ சொல்லுச்சு, அதோட சோத்த விட்டுருச்சு. டீத்தண்ணி, வரிக்கி ரொட்டி, அம்புட்டுதான். தட்ட முன்னால வச்சா, "அவன் வாய்க்குப் போகாத அரிசி எனக்கெதுக்குடா"ன்னு நகத்திரும். ரவிக்க தோள்ல நிக்காம நழுவுற அளவுக்கு வத்திப் போச்சு. டாக்டரு என்னயத் தனியாக் கூப்புட்டு, "தம்பி, இப்படியே விட்டீகன்னா தாங்காது"ன்னாரு. அண்ணனும் போயி, இதுவும் போயிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க.

அந்தச் சனிக்கெழம ரேசன் போட்டாக. நாலு ஆளு மூஞ்சியப் பாக்கட்டும்னு அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். வாங்கிட்டுத் திரும்பையில பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஓசிப் படம்னு ஒரே கூட்டம். ரஷ்யா ஒடைஞ்சு போன புதுசு, மதுரையில ஒரு சங்கத்துல கெடந்த படப்பொட்டியத் தூக்கிக்கிட்டு தோழர் ஒருத்தரு ஊர் ஊரா வந்து காட்டிக்கிட்டிருந்தாரு. சன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி நல்ல உச்சி வெயில்ல உள்ள கும்மிருட்டு. செவத்துல திரைக்குன்னு ரெண்டு வெள்ள வேட்டியச் சேத்துத் தச்சு ஆணியடிச்சிருந்தாக, கீழ் விளிம்பு தரையத் தொட்டுச்சு. அரிசிப் பைய மடியில வச்சுக்கிட்டு அம்மா முன்னால உக்காந்துச்சு.

படம் ராசா காலத்துக் கதை, கறுப்பு வெள்ள. பேச்சு ஒண்ணும் வெளங்கல. பனி கொட்டுனா, "என்னடா, பஞ்சு மில்லு ஒடைஞ்சு போச்சா"ங்குறான் ஒருத்தன். சண்ட வரும்னு வந்தவைங்க, "சாவு வீட்ட ஓசியில காட்டுறாய்ங்கடா"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாய்ங்க. பொம்பளைக மட்டும் அசையல. பண்ணையாரு ஆளுக ஒரு வீட்டுப் பையனச் சண்டைக்கு இழுத்துக்கிட்டுப் போறாக, பனியில சறுக்கு வண்டியில வச்சு பொணமாக் கொண்டாராக. அவனப் பெத்தவ வாசல்ல நிக்கிறா, அழுகல. எனக்கு ஏண்டா இதுக்குக் கூட்டிக்கிட்டு வந்தோம்னு ஆயிப்போச்சு. "வாம்மா, போவோம்"னு கையப் பிடிச்சேன், பிடிச்ச கையத் தட்டிவிட்டுருச்சு.

அந்தப் பையன மெழுகுவத்திக்கு நடுவுல கெடத்தி வச்சிருக்காக. மூஞ்சி மட்டும் வேட்டி பூராம் வருது. சனமெல்லாம் வரிசையா வந்து நெத்தியில முத்தங் குடுத்துட்டுப் போகுது, அங்க வழக்கம் அப்படியாம். எங்கம்மா முணுமுணுங்குது, "வரிசையில வர்றாக, ஒருத்தருக்கும் அரிசி போடத் தெரியலயே."

பின்னால ஒரு அக்கா, "அவுக ஊர்ல போட மாட்டாக, மதினி"ன்னுச்சு.

"பெத்தவ பாத்துக்கிட்டிருக்கால்ல" அப்படின்னுட்டு எங்கம்மா எந்திரிச்சிருச்சு.

நேரா வேட்டிக்கிட்ட போயிருச்சு. படம் ஓட்டுற மிசின் வெளிச்சம் முதுகுல அடிக்குது. தோழரு, "ஆத்தா, எங்கிட்டுப் போறீக, மறைக்குது, உக்காருங்க"ன்னு சத்தம் போடுறாரு. அது காதுல வாங்கல. பையில கையவிட்டு அரிசிய அள்ளி, கையத் திருப்பிப் பொறங்கையால, எப்படிப் போடணுமோ அப்படியே, அவன் வாயில போட்டுச்சு. மூணு தடவ. எவனோ சிரிச்சான், பாதியில நிறுத்திக்கிட்டான். ஏன்னா சத்தமே வரல. வேட்டியில அரிசி எறிஞ்சா பொலபொலன்னு சத்தம் வரணும்ல, தரையில சிதறணும்ல. ஒண்ணுமில்ல, மிசின் ஓடுற சத்தந்தான்.

அப்புறம் அம்மா அங்கயே உக்காந்து அழுதுச்சு பாருங்க, ஒப்பாரி வச்சு, அண்ணன் பேரச் சொல்லி. இருந்த பொம்பளை பூராம் போயி கட்டிப்பிடிச்சு அழுதாக. தோழரு படத்த நிறுத்திட்டாரு.

சாக்க அவுத்து வெளிச்சம் வந்ததும் நான் தரையில தேடுனேன். சிமெண்டுத் தரை, எறும்பு ஓடுனாத் தெரியும். ஒரு மணி அரிசி இல்ல. வேட்டியத் தூக்கி அடியில பாத்தேன், செவத்தத் தடவிப் பாத்தேன். தோழரும் குனிஞ்சு பாத்தாரு, என் மூஞ்சியப் பாத்தாரு, ரீலச் சுத்த ஆரம்பிச்சுட்டாரு. பையில அரிசி கொறஞ்சிருந்துச்சு, அது மட்டும் நெசம்.

வீட்டுக்கு வந்ததும், "பசிக்குதுடா, ஒலைய வையி"ன்னுச்சு எங்கம்மா. அந்த ரேசன் அரிசியவே வடிச்சேன். ரசத்த ஊத்திப் பெசஞ்சு ரெண்டு தட்டு தின்னுச்சு. நான் அடுப்படியில திரும்பி நின்னுக்கிட்டேன், அம்மாவுக்கு முன்னால அழுகக் கூடாதுன்னு.

இத்தோட முடிஞ்சிருந்தா நான் இதச் சொல்லியே இருக்க மாட்டேன், ஆத்தாக்காரி வேதனையில ஏதோ செஞ்சா, அரிசி எங்கயோ சிந்துச்சுன்னு விட்டுருப்பேன். மறுவாரம் ஒக்கூர்ல அதே படம் போடுறாகன்னு கேள்விப்பட்டு மனசு கேக்காம தனியாப் போனேன். பக்கத்துல முன்னப்பின்ன தெரியாத ஒரு பெரியவரு கடலைய ஒடைச்சுத் தின்னுக்கிட்டிருந்தாரு. அந்த எடம் வந்துச்சு. மெழுகுவத்தி, வரிசை, முத்தம். மூஞ்சி வேட்டி பூராம் வந்துச்சு. நான் கண்ணச் சுருக்கிப் பாத்தேன், தலையத் தொங்கப் போட்டுக்கிட்டேன், மறுபடி பாத்தேன்.

பெரியவரு கடலைய மெல்லுறத நிறுத்திட்டு என் தொடையத் தட்டி, "ஏம்ப்பா, அந்தப் பய ஒதட்டோரத்துல வெள்ளையா ஒட்டியிருக்கே, என்னது அது, அரிசியா?"ன்னாரு.

"தெரியலய்யா"ன்னுட்டு வெளிய வந்துட்டேன். எங்கம்மாகிட்ட இன்ன வரைக்கும் சொல்லல, நல்லாத் தின்னுக்கிட்டுத் திரியுது, எதுக்குச் சொல்லணும். ஆனா அது பொறங்கையால மூணு தடவ போட்டுச்சு, கை நெறையாப் போட்டுச்சு. ஒதட்டுல இருந்தது ஒத்த மணி. செத்துக் கெடக்குறவன் மிச்சத்த முழுங்கியிருக்கான்.